உள்ளேன் ஐயா!

“மாமா, இது காலேஜா, யுனிவர்சிட்டியா?”

அக்கா பையன் கேட்டான். ப்ளஸ் டூ முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று முழித்துக்கொண்டிருக்கிறான். “குடும்பத்துலயே பி.காம். படிச்சவன் நீதான்டா. ஒரு நடை கூட்டிட்டுப் போய் நாலு காலேஜைக் காட்டு” என்று அக்காவிடமிருந்து உத்தரவு. பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிப் பிழைக்கிற ஒருவனை நம்பிப் பிள்ளையை அனுப்புகிறாள் பாருங்கள், அந்தத் தைரியம் யாருக்கு வரும்!

நாங்கள் நின்றுகொண்டிருந்தது கிழக்குத் தாம்பரத்தில், மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரிக்குள். பையன் கேட்டதிலும் தப்பில்லை. பல்லாவரத்தில் வேல்ஸ், சேலையூரில் பாரத், வண்டலூரில் கிரசென்ட் என்று நம்ம ஏரியாவில் எங்கே திரும்பினாலும் ‘நிகர்நிலைப் பல்கலைக்கழகம்’ என்று போர்டு. 1956-ம் வருஷத்து யு.ஜி.சி. சட்டத்தில் அதற்கு ஒரு பிரிவு இருக்கிறது. அந்த அந்தஸ்து கிடைத்துவிட்டால் பாடத்திட்டம், பரீட்சை, பட்டம் எல்லாமே சொந்தச் சமையல்.

“இது காலேஜ்தான்டா. ஆனா தன்னாட்சி. அட்டானமஸ். 1978-லேர்ந்து. பாடம் இவங்களே வகுப்பாங்க, கொஸ்டின் பேப்பர் இவங்களே எடுப்பாங்க. பட்டத்துல மட்டும் மெட்ராஸ் யுனிவர்சிட்டி முத்திரை இருக்கும்.”

“அப்ப யுனிவர்சிட்டி பெரியவரு, இவங்க சின்னவங்களா?”

அங்கேதான் வேடிக்கை. ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து பாதிரியார் இதை ஒரு பள்ளிக்கூடமாக ஆரம்பித்தது 1837-ல். சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகம் வந்தது 1857-ல். பிள்ளைக்கு அப்பனைவிட இருபது வயசு அதிகம்!

நூறு வருஷம் பாரிமுனைப் பக்கம் நெரிசலில் இருந்துவிட்டு, 1937-ல் தாம்பரத்துக்கு வந்தார்கள். அன்றைக்கு இது சேலையூர் காடு. “காட்டுல கொண்டுபோய் வெச்சா எவன் வந்து படிப்பான்?” என்று யாராவது கேட்காமலா இருந்திருப்பார்கள்? ஆனால், பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் 1931-லேயே ஓட ஆரம்பித்தாகிவிட்டது. ரயில் வந்த பிறகுதான் காலேஜ். அதன் பிறகுதான் நாமெல்லாம் வந்து, கிரவுண்டு கிரவுண்டாகப் பிரித்து வீடு கட்டி, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றது.

வளாகம் 365 ஏக்கர். நாளைக்கு ஒரு ஏக்கர் என்று சுற்றினால் சரியாக ஒரு வருஷம் ஆகும். எட்வர்ட் பார்ன்ஸ் என்று ஒரு கெமிஸ்ட்ரி புரொபசர், பாடம் நடத்திய நேரம் போக மரம் மரமாக நட்டுத் தள்ளியிருக்கிறார். இன்றைக்கும் உள்ளே புள்ளிமான் மேய்கிறது. பையன் ஒன்றைப் பார்த்துவிட்டு மொபைலை எடுப்பதற்குள் அது புதருக்குள் போய்விட்டது. பிசிக்ஸ் படித்துவிட்டு இங்கேயே கொஞ்ச நாள் பாடமும் எடுத்த டி.என். சேஷன், 1974-ல் பி.எஸ்ஸி. முடித்த இந்திரா நூயி என்று பெரிய பெயர்களை நான் அடுக்கிக்கொண்டே வந்தேன். பையன் காதில் எதுவும் ஏறவில்லை. அவன் கண் விடுதிப் பக்கம் போய்விட்டது.

விடுதி என்று சொன்னால் இங்கே கோபித்துக்கொள்வார்கள். ‘ஹால்’ என்றுதான் சொல்ல வேண்டும். சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால். இங்கே படித்தவர்களுக்கு இருபது வருஷம் கழித்தும் டிபார்ட்மென்ட் அப்புறம்தான், முதல் கேள்வி “நீ எந்த ஹால்?” என்பதுதான்.

“மாமா, நான் ஹால்ல தங்கிப் படிக்கட்டுமா?”

“டேய், உங்க வீட்டுலேர்ந்து ரயில் ஏறினா ரெண்டாவது ஸ்டேஷன் தாம்பரம்!”

“அதான் மாமா... தூரமா இருந்தா அம்மா ஒத்துக்க மாட்டாங்க.”

இந்த லாஜிக்குக்கு என்னிடம் பதில் இல்லை. மரத்தடியில் உட்கார்ந்தோம். பையன் அடுத்த குண்டைப் போட்டான்.

“மாமா, நீங்க ப்ராக்ஸி குடுத்திருக்கீங்களா?”

நான் படித்த காலேஜும் இந்தத் தென் சென்னைப் புறநகரில்தான். பெயர் வேண்டாம். மானும் கிடையாது, மரமும் கிடையாது. ஒரு கட்டடம், ஒரு கேன்டீன், எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. பரீட்சைக்கு முந்தின நாள் அந்தக் கடையில் ‘இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்’ வாங்க நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் ரஜினி படம் ரிலீஸ் என்று நினைப்பீர்கள். பி.காம். பையன்களுக்கு வேதம் ரெட்டி அண்டு மூர்த்தி எழுதிய அக்கவுன்டன்சி புத்தகம். தலையணைக்குத் தலையணை, பாலன்ஸ் ஷீட்டுக்குப் பாலன்ஸ் ஷீட். ரெண்டு பக்கமும் டேலி ஆகாமல் எத்தனை ராத்திரி போயிருக்கிறது!

ஆனால், கணக்கில் நாங்கள் புலிகளாக இருந்த இடம் ஒன்று உண்டு. அட்டெண்டன்ஸ். மெட்ராஸ் யுனிவர்சிட்டி விதி எங்களுக்கு மனப்பாடம். 75 சதவிகிதம் இருந்தால் பரீட்சை எழுதலாம். 65-லிருந்து 75-க்குள் என்றால் ‘கண்டோனேஷன்’ ஃபீஸ் கட்டி எழுதலாம். 50-லிருந்து 65-க்குள் என்றால் இந்த செமஸ்டர் எழுத முடியாது, அடுத்த தடவைதான். 50-க்கும் கீழே போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். செமஸ்டருக்கு 90 நாள். 75 சதவிகிதம் என்றால் 68 நாள். ஆக, கட் அடிக்க 22 நாள். அதை மூலதனம் மாதிரி சினிமாவுக்கு இவ்வளவு, கிரிக்கெட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துச் செலவு பண்ணுவோம்.

என் நண்பனுக்கு அந்த வசதி இல்லை. செங்கல்பட்டைத் தாண்டி ஒரு கிராமம். மூன்றாவது வருஷம் ஆரம்பத்தில் அவன் அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். சானடோரியத்தில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்டு சேர்ந்தான். காலையில் ஷிப்டு முடித்து நேராக காலேஜ். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்குவான். முடியாத நாளில் வரமாட்டான். ஐந்தாவது செமஸ்டர் முடிகிற சமயம். கணக்குப் பார்த்தால் அவனுடைய நிஜ வருகை 60 நாள்தான் வரும்.

“விடுடா மச்சி, மீதி எட்டு நாளை நான் பாத்துக்கறேன்” என்றேன்.

முதல் பீரியடில் எடுக்கிற அட்டெண்டன்ஸ்தான் அன்றைக்கு முழுக்கச் செல்லும். அவன் நம்பர் வந்ததும் குனிந்து, தொண்டையைக் கொஞ்சம் கட்டையாக்கி, “எஸ் சார்!” ஏழு நாள் அமர்க்களமாகப் போயிற்று. ரிஜிஸ்டரில் 67. எட்டாவது நாள் நான் குனிந்து குரல் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரில் சார்.

“எத்தனை நாளா நடக்குது?”

“ஏழு நாள் சார்.”

“எந்த ஏழு? எனக்கெப்படித் தெரியும்?”

எனக்கும் சொல்லத் தெரியவில்லை. தேதி வாரியாகக் குறித்து வைத்திருந்தேனா என்ன? சார் பேனாவை எடுத்து, கடைசி மாசத்தில் அவனுக்கு விழுந்திருந்த 20 நாளையும் அடித்துவிட்டார். அதில் ஏழுதான் என்னுடைய கைங்கரியம். மீதி 13 நாள் அவன் நைட் ஷிப்டு முடித்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு வந்து உட்கார்ந்த நாள். 67-ல் 20 போனால் 47. சதவிகிதத்தில் 52. அந்த செமஸ்டர் பரீட்சை போயிற்று.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் 90-க்கு 60, அதாவது 66-க்கு மேல். ஃபீஸ் கட்டிவிட்டு எல்லோரோடும் எழுதியிருப்பான். ‘ஐந்தாவது செமஸ்டர் வரைக்கும் அரியர் இருக்கக் கூடாது’ என்ற நிபந்தனையோடு ஒரு பெரிய கம்பெனி ஆள் எடுக்க வந்தது. நான் போனேன், தேர்வும் ஆனேன், ஒரு வருஷம் வேலையும் பார்த்தேன். அவன் வாசலோடு நின்றுவிட்டான்.

அன்று சாயங்காலம் ஸ்டேஷன் பெஞ்சில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திட்டுவான், சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். “பசிக்குதுடா, பஜ்ஜி வாங்கிட்டு வா” என்றான். செங்கல்பட்டு வண்டி வந்ததும் ஏறிப் போய்விட்டான். விட்ட பரீட்சையை அடுத்த தடவை எழுதிப் பாஸ் பண்ணினான். நைட் ஷிப்டை விடவில்லை.

“அப்புறம் மாமா? அவர் இப்ப எங்க இருக்காரு?”

ஒரகடம் பக்கம் ஒரு பாக்டரியில் பேரோல் பார்க்கிறான். ஆளுக்கு ஆள் வருகையைச் சரிபார்த்து சம்பளம் போடுகிற வேலை. போன தீபாவளிக்குப் போனில் பேசினோம். “இப்பல்லாம் விரல் வெச்சாதான்டா அட்டெண்டன்ஸ். உன் பப்பு வேகாது” என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அந்த 13 நாளைப் பற்றி இதுவரை இரண்டு பேருமே பேசியதில்லை.

பையன் ஒரு நிமிஷம் சும்மா இருந்தான். “மாமா, இங்க எவ்வளவு சதவிகிதம் வேணும்னு விசாரிச்சுட்டு வந்துரட்டுமா?” என்று எழுந்தான்.

“நானும் வரேன், இரு” என்று பேண்ட்டில் ஒட்டிய சருகைத் தட்டிவிட்டுக் கிளம்பினேன். இரவு அக்கா போன் பண்ணினாள். “என்னடா சொல்லி அனுப்புன அவன்கிட்ட? பி.காம். சேருறேங்கறான். அது சரி... அலாரம் கடிகாரம் ஒண்ணு வாங்கித் தான்னு கேக்கறானே!”