கண்ணகி என்னும் பெயர்: தயக்கமும் தகுதியும்

டெங்கிலில் வாழும் இளந்தம்பதியர் தம் பெண் மகவுக்குக் ‘கண்ணகி’ எனப் பெயரிட விரும்பினர். வீட்டுப் பெரியவர்கள் உடன்படவில்லை. பிறப்புப் பத்திரம் எடுப்பதற்குமுன் நம் கருத்தை அறிய அவர்கள் வந்தனர். தமிழாசிரியர் பலருக்கும் இத்தகைய வினா புதிதன்று. தமிழர் யாவரும் அறிந்த காப்பியத் தலைவியின் பெயர் பெண் குழந்தைகளுக்கு அரிதாகவே சூட்டப்படுவது ஏன், அத்தயக்கம் பொருந்துமா என்பனவற்றை இக்கட்டுரை சுருக்கமாக ஆராய்கிறது.

தயக்கத்திற்குக் கூறப்படும் காரணங்கள் மூன்று. கணவனை இழந்தவளின் பெயர் குழந்தையின் வாழ்வையும் பாதிக்கும் என்பது ஒன்று. மதுரையை எரித்தவளின் சினம் அப்பெயரோடு ஒட்டி வரும் என்பது மற்றொன்று. கணவனின் பிழையைப் பொறுத்துக்கொண்டவளை இக்காலப் பெண்ணுக்கு முன்மாதிரியாக்குதல் தகாது என்பது படித்தோர் சிலரின் கருத்து.

முதற்காரணத்திற்கு இலக்கியத்திலும் சான்று உண்டெனத் தோன்றலாம். புறநானூற்றில் 143 முதல் 147 வரையுள்ள பாடல்களின் கொளுக்கள், வள்ளல் பேகனால் துறக்கப்பட்ட அவன் மனைவியைக் கண்ணகி என்றே குறிக்கின்றன. எனினும், அவளுக்காகக் கபிலரும் பரணரும் உள்ளிட்ட புலவர்கள் பேகனிடம் பரிந்து பேசினர் என்பதே அங்கு முதன்மை பெறுகிறது. சிலம்பின் கண்ணகியோ தனக்காகத் தானே வழக்குரைத்தாள். அரசியின் சிலம்பில் முத்தும் தன் சிலம்பில் மாணிக்கமும் இருந்த வேறுபாட்டைக் காட்டிப் பாண்டியன் அவையில் உண்மையை நிறுவினாள். ஆகவே, இப்பெயர் துயரத்தை மட்டுமன்றி நீதி கேட்கும் துணிவையும் நினைவூட்டுகிறது.

சினம் பற்றிய அச்சத்திற்கு விடை நம் தோட்டப்புற மரபிலேயே உள்ளது. அம்மை நோயோடு தொடர்புபடுத்தி அஞ்சி வணங்கப்படும் மாரியம்மனின் பெயரை நம் முன்னோர் மாரியம்மாள், மாரியாயி எனப் பெண்களுக்குத் தயக்கமின்றிச் சூட்டினர். சினமுடைய தெய்வம் காக்கவும் செய்யும் என்பதே அவர்தம் நம்பிக்கை. கண்ணகியும் அத்தகைய தெய்வமே. மட்டக்களப்பில் கண்ணகை அம்மனாகவும் சிங்களரிடையே பத்தினித் தெய்வமாகவும் அவள் வணங்கப்படுகிறாள்.

மூன்றாம் காரணம் காப்பியத்தை முழுமையாக நோக்காததால் எழுவது. பிரிந்த கணவனை மீண்டும் அடையப் பொய்கையில் நீராடிக் காமவேளைத் தொழுமாறு தேவந்தி கூறியபோது, அது தனக்குப் பெருமையன்று எனக் கண்ணகி மறுத்தாள். அவள் பொறுமைக்கும் எல்லை இருந்தமை இதனால் தெளிவாகும்.

பெயரிடுதல் பற்றிய ஒரு செய்தியும் சிலப்பதிகாரத்தில் உண்டு. கடலில் கலம் உடைந்து தவித்த தன் குலமுன்னோனைக் காத்த தெய்வத்தின் பெயரையே கோவலன் தன் மகளுக்கு மணிமேகலை எனச் சூட்டியதாக அடைக்கலக் காதை கூறுகிறது. பெயர் அங்கு ஊழைக் கொணர்வதன்று, நன்றியின் நினைவாகும்.

பொதுவெளியில் போற்றப்படும் இப்பெயர் வீட்டுக்குள் தயக்கத்தையே எதிர்கொள்வது நோக்கத்தக்கது. முதலாம் உலகத் தமிழ் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நிகழ்ந்தது. 1968இல் சென்னையில் நடைபெற்ற இரண்டாம் மாநாட்டையொட்டி மெரினாவில் கண்ணகிக்குச் சிலை எழுந்தது. 2001இல் அது அகற்றப்பட்டபோது தமிழறிஞர் பலர் வருந்தினர். 2006இல் அது மீண்டும் நிறுவப்பட்டது. கல்லில் காண விரும்பும் பெயரைக் குழந்தைக்கு இட அஞ்சுவது முரணாகும்.

ஆயினும் பெரியவர்களின் தயக்கத்தை அறியாமை எனத் தள்ளுதல் முறையன்று; பேத்தி துன்புறலாகாது என்னும் அன்பே அதன் வேர். அவர்களிடம் கதையின் முடிவை மட்டுமன்றி வழக்குரைத்த பகுதியையும் எடுத்துரைப்பது ஆசிரியர் கடன். நடைமுறையில் ஒன்றையும் நினைவூட்டலாம். இப்பெயரின் ககரத்தை உரோமன் எழுத்தில் இருவகையாக எழுத இயலும். ஒன்றை முன்னரே தேர்ந்து, எல்லா ஆவணங்களிலும் அதனையே கையாளுதல் நன்று.

பெயரை முடிவு செய்வது பெற்றோர் உரிமை. அவர்கள் அம்முடிவை அச்சத்தால் எடுக்காதிருக்கத் துணைநிற்பதே நம் பணி.