ட்ரங்க் பெட்டியில் தூங்கும் டிஸ்சார்ஜ் புக்: தென்காசி முன்னாள் படைவீரர் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது என்ன?

ஜூன் பிறந்தால் தென்காசிக்குக் குளிர்காற்று வந்துவிடும். செங்கோட்டை கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று குற்றாலம், இலஞ்சி, மேலகரம் பக்கமெல்லாம் சாரலாக விழும். அருவியில் குளிக்க வருபவர்களுக்கு அது சீசன். ஆனால் வீட்டுப் பரணில் கிடக்கும் காகிதங்களுக்கு அது சோதனைக் காலம்.

பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர் வீட்டில் பெரும்பாலும் ஒரு ட்ரங்க் பெட்டி இருக்கும். மேலே பெயரும் ராணுவ எண்ணும் பெயிண்டில் எழுதியிருக்கும். அதற்குள்தான் டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை, பதக்கங்கள் எல்லாம் இருக்கும். அந்தப் பெட்டியைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்? சாவி எங்கே இருக்கிறது என்று மனைவிக்குத் தெரியுமா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் போனால், பிற்காலத்தில் அலையப்போவது பெரும்பாலும் குடும்பம்தான். என்ன செய்யலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

டிஸ்சார்ஜ் புக் என்றால் என்ன?

ராணுவத்தில் இருந்து விடுவிக்கப்படும்போது வீரர்களுக்கும் ஜே.சி.ஓ.க்களுக்கும் தரப்படும் சான்றுப் புத்தகம் இது. ராணுவ எண், ரேங்க், பெயர், பிறந்த தேதி, படையில் சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள், அதற்கான காரணம், நன்னடத்தை மதிப்பீடு, பெற்ற பதக்கங்கள், மருத்துவ வகைப்பாடு, குடும்ப விவரம் போன்றவை இதில் இருக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், "இவர் இத்தனை வருஷம் நாட்டுக்கு உழைத்தார்" என்பதற்கு அவர் கையில் இருக்கும் முதல் ஆதாரம் இதுதான்.

பென்ஷன்தான் மாசாமாசம் வருதே, இந்தப் புக்கு எதுக்கு?

பலரும் கேட்கும் கேள்வி இது. பென்ஷன் வருவதற்கு அடிப்படை பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணை. ஆனால் பென்ஷனைத் தாண்டிய பல இடங்களில் டிஸ்சார்ஜ் புக்கைத்தான் முதலில் கேட்பார்கள்.

முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, 2003-ல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் சேர்வது, சி.எஸ்.டி. கேன்டீன் கார்டு, பிள்ளைகளின் படிப்புக்கான உதவித்தொகை, அரசு வேலையில் முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு என்று எதற்குப் போனாலும் பணிக்காலச் சான்று வேண்டும். மத்திய அரசின் குரூப் 'சி' பணியிடங்களில் 10 சதவீதம் முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. அதில் விண்ணப்பிக்கவும் இந்தச் சான்று அவசியம்.

பென்ஷன் இல்லாதவர்களுக்கு இன்னும் முக்கியம்

பென்ஷனுக்குத் தேவையான பணிக்காலம் முடியும் முன்பே வெளியே வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் பி.பி.ஓ. கிடையாது. டிஸ்சார்ஜ் புக் போனால், கையில் வேறு ஆதாரமே இல்லாத நிலை.

65 வயதைக் கடந்த, பென்ஷனோ நிலையான வருமானமோ இல்லாத முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களின் கைம்பெண்களுக்கும் கேந்திரிய சைனிக் போர்டு மூலம் மாத உதவித்தொகை தரப்படுகிறது. ஹவில்தார் ரேங்க் வரை இருந்தவர்களுக்கான திட்டம் இது. மாதம் ரூ.4,000 ஆக இருந்த தொகை, 2025 நவம்பர் முதல் ரூ.8,000 ஆக உயர்த்தப்பட்டது. அந்தப் பணத்துக்கு விண்ணப்பிக்க, ஓதம் ஏறிய சுவர் ஓரத்தில் கிடக்கும் அந்தப் பழைய புத்தகத்தைத்தான் தேட வேண்டியிருக்கும்.

2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த இளைஞர்களுக்கும் இது பொருந்தும். 4 ஆண்டு முடிந்ததும் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரப் பணியில் தொடர்வார்கள். ஊர் திரும்பும் மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை. கையில் வரும் பணிச் சான்றும் திறன் சான்றும்தான் அடுத்த வேலைக்கு அவர்கள் காட்டப்போகும் ஆதாரம்.

ராணுவத்திடம் காப்பி இருக்குமே?

இருக்கும். ஒவ்வொரு ரெஜிமென்டுக்கும், பிரிவுக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் உண்டு. மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி மாவட்டம் வெலிங்டனில், மெட்ராஸ் என்ஜினீயர் குரூப்புக்கு பெங்களூருவில், பீரங்கிப் படைக்கு நாசிக்கில், சிக்னல்ஸ் பிரிவுக்கு ஜபல்பூரில், இ.எம்.இ.க்கு செகந்திராபாத்தில் இயங்குகிறது. விமானப் படைக்கு டெல்லி, கடற்படை மாலுமிகளுக்கு மும்பை.

ஆனால் "அங்க இருக்கும்ல" என்று அசட்டையாக இருந்துவிட முடியாது. அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் இதற்குப் பாடம். 1973 ஜூலை 12-ம் தேதி, செயின்ட் லூயிஸ் நகரில் ராணுவ ஆவணங்கள் வைக்கப்பட்டிருந்த மையத்தில் தீப்பிடித்தது. சுமார் 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகள் அழிந்தன. 1912 முதல் 1960 வரை தரைப்படையில் இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. அவற்றுக்கு நகலோ, மைக்ரோஃபிலிமோ எடுத்து வைக்கப்படவில்லை. அதன் பிறகு சலுகை கேட்டு வந்தவர்களுக்கு, வீட்டில் பத்திரமாக வைத்திருந்த டிஸ்சார்ஜ் சான்றுதான் கைகொடுத்தது.

சாரல் அடிக்கும் ஊரில் எப்படிப் பாதுகாப்பது?

காகிதத்துக்கு முதல் எதிரி ஈரப்பதம். பூஞ்சை, கரையான், வெள்ளிப்பூச்சி எல்லாம் அதைத் தொடர்ந்து வரும்.

* பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம். மலை அடிவார ஊர்களில் சீசன் நேரத்தில் சுவரில் ஓதம் ஏறும். உள்அறையில், மரப்பலகை மேலோ உயரமான அலமாரியிலோ வைப்பது நல்லது.

* லேமினேஷன் செய்யாதீர்கள். சூடு வைத்து ஒட்டிய பிளாஸ்டிக்கைக் காகிதம் சேதமாகாமல் பிரிக்க முடியாது. அலுவலகங்களில் புத்தகத்தில் முத்திரையோ குறிப்போ போட வேண்டி வந்தாலும் சிக்கல்.

* கவருக்குள் ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு வைக்கலாம். அதையும் அவ்வப்போது மாற்ற வேண்டும்.

* ஸ்டேப்ளர் பின், குண்டூசி வேண்டாம். ஈரத்தில் துருப்பிடித்து எழுத்தையே தின்றுவிடும்.

* சீசன் தொடங்கும் முன் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு தை மாதத்தில் ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள்.

நனைந்துவிட்டால்? ஒட்டிக்கொண்ட பக்கங்களை வலுக்கட்டாயமாகப் பிரிக்கக் கூடாது. கடும் வெயிலிலும் போட வேண்டாம். நிழலில், ஃபேன் காற்றில், வெள்ளைத் தாள்களை இடையில் வைத்து மெதுவாக உலர்த்த வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழையை யாரும் மறந்திருக்க முடியாது. தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பதிவானது. அப்படிப்பட்ட மழையில் ஒரே வீட்டில் அசலும் நகலும் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் நகல் எடுத்து, சான்றொப்பம் வாங்கி, வேறு ஊரில் இருக்கும் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ ஒரு செட் கொடுத்து வையுங்கள். ஸ்கேன் செய்து டிஜிலாக்கரில் ஏற்றி வைக்கலாம். ஆனால் நாமே ஏற்றும் ஸ்கேன், அரசு வழங்கும் டிஜிட்டல் ஆவணத்துக்குச் சமம் ஆகாது. அசல் அசல்தான்.

ஒரு எழுத்து மாறினாலும் சிக்கல்

புத்தகம் பத்திரமாக இருந்தால் மட்டும் போதாது. உள்ளே இருப்பது சரியாக இருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, நம்ம ஊரில் ஒருவர் பெயர் எஸ்.முருகன். ராணுவ ஆவணத்தில் அப்பா பெயரையும் சேர்த்து முருகன் சுப்பையா என்று ஏறியிருக்கும். மனைவி பெயர் ஒரு ஆவணத்தில் மாரியம்மாள், ஆதாரில் மாரியம்மா. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு எழுத்து கூடும், குறையும். பிறந்த தேதியும் மாறியிருக்கலாம். கணவர் இருக்கும் வரை இது யார் கண்ணிலும் படாது. அவர் காலமான பிறகு குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போகும்போதுதான், "இந்த அம்மாதான் அந்த அம்மான்னு என்ன ஆதாரம்?" என்ற கேள்வி வரும்.

சாதாரண குடும்ப ஓய்வூதியம் என்பது கடைசி ஊதியத்தில் 30 சதவீதம், குறைந்தபட்சம் மாதம் ரூ.9,000. அகவிலை நிவாரணம் தனி. ஒரு எழுத்துக்காக இது மாதக்கணக்கில் நிற்கலாம்.

கணவர் உயிரோடு இருக்கும்போதே திருத்தம் கேட்பது சுலபம். கையெழுத்துப் போட அவர் இருக்கிறார், விளக்கம் சொல்லவும் அவர் இருக்கிறார். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., ஆதார், பான், வங்கிக் கணக்கு இந்த ஐந்தையும் வரிசையாக வைத்து மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், பிறந்த தேதி ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பி.பி.ஓ.வில் மனைவி பெயரே இல்லை என்றாலும், ஓய்வுக்குப் பிறகு திருமணம் நடந்திருந்தாலும், முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலம் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதி பதிவு செய்ய வேண்டும்.

தென்காசி தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பர் 22-ல். அதற்கு முன் ஓய்வுபெற்றவர்களின் ஆவணங்களில் திருநெல்வேலி மாவட்டம் என்றே இருக்கும். அதற்காகப் பதற வேண்டாம். இப்போதைய முகவரியை நல அலுவலகத்தில் புதுப்பித்துக்கொண்டால் போதும்.

தொலைஞ்சு போச்சு... என்ன செய்ய?

முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். பிறகு உறுதிமொழிப் பத்திரம் தயார் செய்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகுங்கள். அவர்கள் மூலம் விண்ணப்பம் சம்பந்தப்பட்ட ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போகும். ராணுவ எண், ரேங்க், பெயர், பிரிவு, சேர்ந்த தேதி, விடுவிக்கப்பட்ட தேதி இவை கையில் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். நகல் எடுத்து வைத்தவர்களுக்கு இங்கேதான் அதன் அருமை தெரியும்.

குரூப்பில் போடாதீங்க

சந்தேகம் கேட்கிறேன் என்று டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. படங்களை வாட்ஸ்அப் குரூப்பில் போடும் பழக்கம் ஆபத்தானது. பிறந்த தேதி, குடும்ப விவரம், பென்ஷன் எண் எல்லாம் அந்நியர் கைக்குப் போய்விடும். "ஸ்பர்ஷில் இருந்து பேசுறோம், பென்ஷன் நிக்கப்போகுது, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று போன் வந்தால் உடனே துண்டித்துவிடுங்கள்.

காகிதம் மட்டும் போதாது, தொடர்பும் வேண்டும்

பெட்டியைப் பூட்டி வைத்துவிட்டு ஒதுங்கி இருந்தால், அறிவிப்புகள் எதுவும் காதுக்கு எட்டாது. தொடர்பில் இருக்கும் வழிகள் சில:

* முன்னாள் படைவீரர் நல அலுவலகப் பதிவை உயிர்ப்புடன் வைத்திருங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடக்கும் முன்னாள் படைவீரர் மற்றும் சார்ந்தோர் குறைதீர் கூட்டத்துக்கு மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். எந்த மேசையில் எந்த வேலை என்று அவருக்கும் தெரிய வேண்டும்.

* ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று கொடுக்கத் தவறாதீர்கள். ஜீவன் பிரமாண் மூலம் செல்போனிலேயே முகத்தைக் காட்டியும் சமர்ப்பிக்கலாம்.

* வேலை வேண்டும் என்றால், தமிழ்நாடு அரசின் டெக்ஸ்கோ நிறுவனம் 1986 முதல் முன்னாள் படைவீரர்களுக்குப் பாதுகாவலர் உள்ளிட்ட பணிகளைத் தந்து வருகிறது.

* தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு, 2024 சுதந்திர தினத்தில் அறிவிக்கப்பட்ட 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் ரூ.1 கோடி வரை வங்கிக் கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம் உண்டு.

* ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம். 1953-ல் இதே நாளில்தான் ஃபீல்டு மார்ஷல் கரியப்பா பணி ஓய்வு பெற்றார். டிசம்பர் 7 கொடி நாள். இந்த நிகழ்ச்சிகளில் பழைய சகாக்களைப் பார்ப்பது வெறும் சடங்கு இல்லை. நாளை குடும்பத்துக்கு ஒரு சிக்கல் என்றால், "யாரைக் கேட்கிறது?" என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் கிடைக்கும்.

மனைவியிடம் சொல்ல வேண்டியவை

ஒரு சாதாரண நோட்டில் இவற்றை எழுதி வீட்டில் கொடுத்து வையுங்கள்: ராணுவ எண், பிரிவு, ரெக்கார்ட் ஆபீஸ் முகவரி, பி.பி.ஓ. எண், பென்ஷன் வரும் வங்கிக் கணக்கு, நல அலுவலகத் தொலைபேசி எண், நம்பிக்கையான ஒரு சகாவின் எண், பெட்டிச் சாவி இருக்கும் இடம்.

இன்னொன்றும் எழுதுங்கள். கணவர் காலமானால் இறப்புச் சான்றுடன் உடனடியாகத் தகவல் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் தொடர்ந்து வரும் பென்ஷன் பணம் பிறகு திரும்பப் பிடிக்கப்படும். குடும்ப ஓய்வூதியம் தொடங்குவதும் அந்தத் தகவலுக்குப் பிறகுதான்.

பட்டாளத்து விஷயம் வீட்டில் இருப்பவர்களுக்கு எதற்கு என்று பலர் நினைக்கலாம். ஆனால் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கடைசியில் அலுவலகப் படி ஏறப்போவது பெரும்பாலும் அவர்கள்தான்.