நோன்பாளியும் பீடியும்

தாமிரபரணிக் கரையில் விக்கிரமசிங்கபுரத்தைச் சூழ்ந்த ஊர்களில், மடியில் தட்டுடன் பீடி சுற்றும் பெண்கள் நமக்குப் பழகிய காட்சி. சுற்றிய பீடியைப் புகைப்போரும் நம்மிடையே குறைவல்லர். ரமலானில் அவர்களிடம் ஒரு வியப்பைக் காணலாம். மற்ற நாட்களில் அரை மணிக்கொரு பீடி பற்றவைப்பவர், ஸஹர் முதல் மஃரிப் வரை 13 மணி நேரத்திற்கும் மேலாக அதைத் தொடுவதில்லை. நோன்பு திறந்து, கஞ்சி அருந்திய கையோடு தீப்பெட்டியைத் தேடுகிறார். கேட்டால், "விட முடியவில்லை ஹஸ்ரத்" என்கிறார். அப்படியாயின் பகலெல்லாம் விட்டிருந்தவர் யார்?

உள்ளிழுத்த புகையிலுள்ள நிகோடின் ஏறத்தாழ 10 விநாடிகளில் மூளையை அடைந்து, டோபமின் என்னும் பொருளைச் சுரக்கச் செய்கிறது. இன்பம் இத்துணை விரைவில் கிட்டுவதால், அதற்கு முந்திய தேநீர், தெருமுனை, தீப்பெட்டியின் ஓசை அனைத்தும் அழைப்புகளாகப் பதிந்துவிடுகின்றன. பீடியில் இது இன்னும் கடுமை. அதன் இலை காற்றை எளிதில் உட்புக விடாது. அடிக்கடி இழுக்காவிடில் அணைந்துவிடும். ஒவ்வோர் இழுப்பும் கைக்கு ஒரு பயிற்சி.

நிகோடினின் அளவு இரத்தத்தில் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிறது. வேட்கைக்கு அது மட்டுமே காரணமாயின், நோன்பாளியால் நண்பகலைத் தாண்டுவது அரிது. ஸப்த் நாளில் புகைக்காத யூதர்களைப் பற்றி 2005இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வு இங்குத் துணைபுரிகிறது. வேலை நாளில் புகையாதிருந்தபோது எழுந்த வேட்கையைவிட ஸப்தில் எழுந்தது மிகக் குறைவு. கிடைக்காது என்று உள்ளம் உறுதிகொண்ட இடத்தில் ஆசை அடங்குகிறது. கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பே அதை எழுப்புகிறது.

அரபியில் 'ஸப்ர்' என்னும் சொல்லின் மூலப்பொருள் தடுத்து வைத்தல்; 'ஸவ்ம்' என்பதும் விலகியிருத்தலே. இவற்றை வெறும் பொறுமை, பட்டினி என்று பெயர்த்து நாம் பொருளைச் சுருக்கிவிட்டோம்.

இந்தத் தடுக்கும் ஆற்றல் புகைப்பவரிடம் அழிந்துவிடுகிறதா? 1999இல் பிக்கல் முதலியோர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், பின்னர் வரும் பெருந்தொகையை விட்டு உடனே கிடைக்கும் சிறு தொகையை நாடும் போக்கு புகைப்போரிடம் மிகுந்திருந்தது. ஆனால் விட்டொழித்தவர்கள், என்றுமே புகைக்காதவர்களை ஒத்திருந்தனர். இயல்பிலேயே அடக்கம் மிக்கவர்கள்தாம் விட்டார்களோ என்ற ஐயம் நியாயமானதே. எனினும் நோன்பாளியைக் கண்டவர்கள் ஆற்றல் அழிந்தது என்று சொல்லத் துணியார்.

ஆகவே, விட விரும்புபவர் அஞ்ச வேண்டிய வேளை ரமலான் பகலன்று. மஃரிபுக்குப் பிந்திய அரை மணியும், காத்திருக்க ஓர் அந்தியும் இல்லாத பெருநாள் காலையுமே.