கணையக் கட்டி: இருமுனை எச்சரிக்கை தேவை!

திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணி, பட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். தறி நின்றால் அன்றைய கூலி இல்லை. அதனால், வயிற்று வலி வந்தால் மருந்துக் கடை மாத்திரையோடு வேலையைத் தொடர்வோர் பலர். கண்கள் மஞ்சளான பிறகே சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள வேலூருக்குப் பேருந்து ஏறுகிறார்கள். அங்கு நடக்கும் பரிசோதனையில் கணையத்தில் கட்டி எனத் தெரிந்தால், 'புற்றுநோயா?' என்பதே குடும்பத்தினரின் முதல் கேள்வி.

அதற்கு உடனடி விடை கிடைப்பதில்லை. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றலே கணையத்தைத் தாக்கி வீங்கச் செய்யும் நோய் ஒன்று உண்டு. தன்னெதிர்ப்புக் கணைய அழற்சி என்பது அதன் பெயர். ஜப்பானிய மருத்துவர்கள் 1995-இல் இப்பெயரை முன்மொழிந்தனர். நோயாளிகளின் ரத்தத்தில் ஐஜிஜி4 என்னும் எதிர்ப்புரதம் மிகுந்திருப்பதை 2001-இல் அந்நாட்டு ஆய்வாளர்களே கண்டறிந்தனர். பார்வைக்குப் புற்றுநோய் போலவே தோன்றும் இந்த வீக்கம், ஸ்டீராய்டு மருந்தால் சில வாரங்களில் வடிந்துவிடும். இதை அறியாத காலத்தில், புற்றுநோய் எனக் கருதிக் கணையத்தையே வெட்டி நீக்கியதுண்டு.

கணைய நாளத்தில் சளி போன்ற நீரைச் சுரந்து வளரும் நீர்க்கட்டி வேறு வகை. பிரதான நாளம் 10 மி.மீ. அளவுக்கோ அதற்கு மேலோ விரிந்தாலும், கட்டிக்குள் திண்ம முடிச்சு தென்பட்டாலும், மஞ்சள் காமாலை தோன்றினாலும் அறுவைச் சிகிச்சை பரிசீலிக்கப்படும். சிறு கிளை நாளங்களில் உள்ளவற்றைப் பெரும்பாலும் கண்காணித்தாலே போதும்.

அரிதாக இவ்விரண்டும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படுகின்றன. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மஞ்சள் காமாலைக்குக் காரணம் அழற்சியா, கட்டியா? அழற்சி எனத் தவறாகக் கருதி ஸ்டீராய்டைத் தொடர்ந்தால், புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சை தள்ளிப்போகும். கட்டி என அவசரப்பட்டால், மருந்தில் தீரக்கூடிய நோய்க்கு உறுப்பை இழக்க நேரிடும். ஐஜிஜி4 அளவை மட்டும் நம்பவும் இயலாது. புற்றுநோயாளிகள் சிலருக்கும் அது உயர்ந்திருக்கும். எம்ஆர்ஐ, எண்டோஸ்கோபி வழி அல்ட்ராசவுண்ட், திசுப் பரிசோதனை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

ஸ்டீராய்டால் காமாலை தெளிந்து பசி எடுத்ததும், நோய் தீர்ந்ததாக நினைத்து மருத்துவமனைக்குச் செல்வதை நிறுத்திவிடுவது பேராபத்து. வடிந்தது வீக்கமே, நீர்க்கட்டி அப்படியே இருக்கும். அழற்சியும் மீண்டும் வரக்கூடும். மருந்தால் சர்க்கரை அளவு உயர்வதையும் கவனிக்க வேண்டும்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவுக்குக் கைகொடுக்கிறது. தறி நிற்கும் நாளின் கூலியை அது ஈடுசெய்வதில்லை. எனவே, தொடர் பரிசோதனைகளை மாவட்டத்துக்குள்ளேயே, திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செய்துகொள்ள வழிகாண வேண்டும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள், சர்க்கரை நோயாளிகளைப் போல் இவர்களுக்கும் பரிசோதனை நாளை நினைவூட்டலாம். அரிய நோய்தான். ஆனாலும், அது வந்த வீட்டுக்கு அதுவே முழு நோய்.