நோய்த் தடுப்பியல் கற்க மருத்துவராக வேண்டுமா?

வீட்டில் ஒருவருக்கு அம்மை போட்டிருந்தால், முன்பே அம்மை கண்டவரைத்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். அவருக்கு அது மறுபடி வருவது அரிது என்பது பாட்டிமார் பட்டறிவு. ஏன் அரிது என்று கேட்கும் அறிவியலே நோய்த் தடுப்பியல்.

இது மருத்துவம் பயின்றோர்க்கே உரிய துறை என்று நம்மிற் பலர் நினைக்கின்றனர். துறையின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1882இல் மெசினா நகரில் நட்சத்திர மீனின் இளவுயிரிக்குள் ரோஜா முள்ளைச் செருகி, அதைச் சூழ்ந்துகொண்ட செல்களைக் கண்ட மெச்னிகாஃப் ஒரு விலங்கியலார். 1908இல் நோபல் பரிசு பெற்றார். 1960இல் அப்பரிசு பெற்ற பீட்டர் மெடவாரும் விலங்கியல் பயின்றவரே. கோழியின் ஃபேப்ரீசியஸ் பையை நீக்கினால் எதிர்ப்புப் பொருள் உண்டாவது குன்றும் என்று 1956இல் காட்டிய புரூஸ் கிளிக், கோழியியல் ஆய்வு மாணவர். 'பி செல்' என்பதிலுள்ள 'பி', 'பர்ஸா' என்னும் அந்தப் பையின் முதலெழுத்து!

அவ்வளவு தொலைவு போவானேன்? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வி.ஆர். முத்துக்கருப்பனும் அவர்தம் மாணவர்களும் 1970களில் தைமஸ், மண்ணீரல் பற்றி ஆராய எடுத்துக்கொண்டது, நாம் கல்லெறிந்து துரத்தும் ஓணானை. அங்கே நோய்த் தடுப்பியலுக்கென்று தனித்துறையே உண்டு.

ஆகவே விலங்கியலோ வேதியியலோ நுண்ணுயிரியலோ, நாம் இப்போது அமர்ந்திருக்கும் வகுப்பே நுழைவாயில். அடுத்த படி எம்.எஸ்சி. அதற்கு உயிர்த்தொழில்நுட்பத் துறையின் 'காட்-பி', ஐ.ஐ.டி.கள் நடத்தும் 'ஜாம்' என இரு தேர்வுகள் முக்கியமானவை. ஜாம் தேர்வு பிப்ரவரியில் வரும். விண்ணப்பமோ அதற்குச் சில மாதங்கள் முன்பே முடிந்துவிடும். இறுதியாண்டுத் தேர்வு முடியட்டும் என்றிருந்தால் ஓராண்டு போய்விடும். அதன் உயிர்த்தொழில்நுட்பத் தாளில் மேல்நிலைப் பள்ளி அளவிலான இயற்பியல், வேதியியல், கணித வினாக்களும் உண்டு. பிளஸ் டூ புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்!

எம்.எஸ்சி.க்குப் பின் முனைவர் பட்டம். 1981இல் தோன்றிய டெல்லி தேசிய நோய்த் தடுப்பியல் நிறுவனமும், காசநோயை ஆராயும் சென்னை சேத்துப்பட்டு தேசிய நிறுவனமும் நாம் நாடக்கூடிய இடங்கள். தடுப்பூசி நிறுவனங்களிலும் நோயறி ஆய்வகங்களிலும் வேலை தேடுவோருக்கு எம்.எஸ்சி.யே போதும் என்பாரும் உளர். தனி ஆய்வு நடத்த விரும்புவோர்க்கு அது போதாது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். "இன்னும் எத்தனை வருசம்டா?" என்பதுதான் அப்பாவின் கேள்வி. மூன்றும் இரண்டும் ஐந்தும் கூட்டினால் பத்து. நாள்கூலி வீட்டில் அது பெரிய எண். ஆயினும் பத்து ஆண்டும் வீட்டுச் செலவில் கழிவதில்லை என்பதை அவரிடம் எடுத்துச் சொன்னேன். சி.எஸ்.ஐ.ஆர். நடத்தும் 'நெட்' தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறியவர், முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தால், 2023 முதல் உள்ள விகிதப்படி முதல் இரண்டாண்டுகள் மாதம் 37,000 ரூபாய் பெறுவார். பிறகு அது 42,000 ஆகும். காட்-பி வழியாகச் சேரும் எம்.எஸ்சி. படிப்புகளுக்கும் மாத உதவி உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் பி.எஸ்சி. முடித்தவரை ஜாம் வழியாக நேரே ஒருங்கிணைந்த முனைவர் படிப்பில் சேர்த்துக்கொள்கிறது. இதை முதலிலேயே அறிந்திருந்தால், எத்தனையோ அக்காமார் படிப்பை மூன்றாம் ஆண்டோடு நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

தமிழ் வழியில் பயில்வோர்க்கு ஓர் இடர் உண்டு. நெட் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். 'எதிர்ச்செனி' என்றால் என்னவென்று நமக்கு நன்றாகத் தெரியும். 'ஆன்டிஜென்' என்று கேட்டால் ஒரு கணம் திகைப்போம். எனவே நாங்கள் நால்வர் ஒரு நோட்டில் இருமொழிச் சொற்களை எழுதி வருகிறோம். இதுவரை இருநூறு சேர்ந்துள்ளன. சேர விரும்புவோர் வெள்ளிதோறும் மாலை விலங்கியல் ஆய்வுக்கூடத்துக்கு வரலாம்.