நிரூபிக்க வேண்டியவர் யார்?

வீட்டுச் சுவரில் விரிசல். கதவு மூட மறுக்கிறது. ஆயுட்கால உழைப்பெல்லாம் போட்டு வாங்கிய வீடு. வீட்டுக்காரர் கம்பெனியிடம் போகிறார். "எங்களால்தான் வந்தது என்று நிரூபி!" என்கிறது கம்பெனி. எதைக் கொண்டு நிரூபிப்பார்? மண்ணுக்கடியில் 3 கிலோமீட்டர் ஆழத்தில் நடப்பதை அவரா பார்த்தார்? துளை போட்டது கம்பெனி. அளந்தது கம்பெனி. கணக்குப் புத்தகமும் கம்பெனியின் பெட்டியில். ஆனால் சாட்சி கொண்டுவர வேண்டியவர் மட்டும் வீட்டை இழந்து நிற்பவர்! இது எந்த ஊர் நியாயம்?

நெதர்லாந்து நாட்டின் வடகோடியிலுள்ள குரோனிங்கன் மாநிலத்தில், தோழர்களே, பல ஆண்டுகள் இந்த நியாயம்தான் நடந்தது.

1959-ல் ஸ்லொக்டரன் என்னும் ஊரருகே எரிவாயு கண்டார்கள். 1963-ல் எடுக்கத் தொடங்கினார்கள். ஐரோப்பாவின் மாபெரும் எரிவாயு வயல்களில் ஒன்று அது. எடுத்தது என்.ஏ.எம். என்ற கம்பெனி, ஷெல்லும் எக்சானும் அதில் சரிபாதிப் பங்காளிகள். வருமானத்தில் பெரும்பகுதி நெதர்லாந்து சர்க்காருக்கு. முதலாளியும் சர்க்காரும் ஒரே இலையில் உண்டால், பரிமாறுகிறவன் பசியைக் கேட்பார் யார்?

மணற்பாறையின் நுண்துளைகளில் அடைந்து கிடந்த வாயுதான் மேலேயுள்ள மண்ணின் பாரத்தைத் தாங்க உதவி வந்தது. அதை உறிஞ்ச உறிஞ்ச அழுத்தம் குறைந்தது, பாறை அமுங்கியது, பழைய பிளவுகள் வழுக்கின, நிலம் அதிர்ந்தது. அதிர்ச்சி சிறிதுதான். ஆனால் ஆழம் குறைவு, மேல்மண்ணோ மெத்தென்ற களிமண். செங்கல் வீடுகள் தாங்குமா?

1986-ல் அந்த வட்டாரத்தில் முதல் அதிர்ச்சி. வாயு எடுப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார்கள். சம்பந்தம் உண்டென்று 1993-ல் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2012 ஆகஸ்டு 16-ல் ஹௌசிங்க கிராமத்தருகே 3.6 அளவில் நிலம் குலுங்கியது. உற்பத்தியை உடனே குறையுங்கள் என்று சர்க்காரின் சுரங்கக் கண்காணிப்பு அலுவலகமே 2013 ஜனவரியில் சொல்லிற்று. குறைத்தார்களா? அந்த ஆண்டு எடுத்தது சுமார் 5,400 கோடி கன மீட்டர்! பல்லாண்டுகளில் காணாத அளவு!

மக்கள் தனித்தனியே கெஞ்சுவதை விட்டார்கள். கூடினார்கள், வழக்குமன்றம் ஏறினார்கள்.

"வீட்டை விற்றபின் வாருங்கள், விலை குறைந்திருந்தால் தருகிறோம்" என்றது கம்பெனி. வாங்க ஆளில்லாத வீட்டை யாரிடம் விற்பது? 2015 செப்டம்பர் 2-ல் அஸ்ஸன் நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. விற்றாலும் விற்காவிட்டாலும் மதிப்பிழப்புக்கு ஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் 2018-ல் மக்களே வென்றார்கள்.

ஆண்டுக்கு 2,160 கோடி கன மீட்டர் எடுக்கலாம் என்று மந்திரி போட்ட உத்தரவும் நிற்கவில்லை. அங்கு வாழும் மக்களுக்குள்ள ஆபத்தைச் சரிவர எடைபோட்டுக் காரணம் காட்டவில்லை என்று, சர்க்கார் உத்தரவுகளை விசாரிக்கும் உயர் மன்றம் 2017 நவம்பர் 15-ல் அதை ரத்துச் செய்தது.

இவை எல்லாவற்றிலும் பெரிய வெற்றி ஒன்று உண்டு. அந்த வயலில் வாயு எடுப்பதால் வரக்கூடிய வகைச் சேதம் கட்டடத்தில் காணப்பட்டால், அது வாயு எடுத்ததால் வந்ததென்றே சட்டம் கொள்ளும். இல்லையென்றால் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். 2016 டிசம்பர் 31 முதல் இதுவே சட்டம். ஏழையின் தலையிலிருந்த பாரம் எடுத்தவன் தலைக்கே மாறியது!

2023 அக்டோபர் 1-ல் உற்பத்தி நின்றது. 2024-ல் வயலையே நிரந்தரமாக மூடச் சட்டம் வந்தது. நாடாளுமன்ற விசாரணைக் குழு 2023-ல் கணக்குச் சொன்னது: சர்க்காருக்குச் சுமார் 36,300 கோடி யூரோ, இரு கம்பெனிகளுக்கும் சுமார் 6,600 கோடி யூரோ. அந்த மண்ணின் மக்களுடைய நலன் புறக்கணிக்கப்பட்டது என்றும் அதே குழு எழுதி வைத்தது. மூடிய பின்னும் நிலம் அவ்வப்போது அதிரத்தான் செய்கிறது. ஆகவே முழு வெற்றி என்று நாம் முரசறையவில்லை.

ஆனால் பாடம் ஒன்றுண்டு. பஞ்சாலைத் தூசு நெஞ்சை அடைத்தது என்று சொல்லும் தொழிலாளியிடமும், சாயக்கழிவு கிணற்றைக் கெடுத்தது என்று சொல்லும் உழவனிடமும் "நிரூபி" என்றுதான் கேட்கிறார்கள். இழப்பீடு எவ்வளவு என்று கேட்குமுன், நிரூபிக்க வேண்டியவர் யார் என்று கேளுங்கள், தோழர்களே! லாபக் கணக்கை வைத்திருப்பவனே நட்டக் கணக்குக்கும் பதில் சொல்லட்டும்!