உங்களுக்குத் தெரியுமா? முதல் 'பாங்' பெட்டியே கைவேலைதான்!

வீட்டில் பிளைவுட் அறுத்து ஆர்கேட் விளையாட்டுப் பெட்டி செய்பவர்களை வெறும் நகலெடுப்பவர்கள் என்று ஒதுக்குவதுண்டு. அசல் எப்படிப் பிறந்ததாம்? 1972-இல் அட்டாரி நிறுவனத்தின் அல் அல்கார்ன், கடையில் 75 டாலருக்கு வாங்கிய ஹிட்டாச்சி கறுப்பு-வெள்ளை டிவியை நாலடி மரப்பெட்டிக்குள் வைத்து, வயர்களைச் சால்டர் செய்துதான் 'பாங்' என்ற ஆர்கேட் விளையாட்டின் மாதிரியை உருவாக்கினார். கலிபோர்னியாவின் சன்னிவேலில் ஒரு மதுக்கூடத்தில் வைத்த அந்தப் பெட்டி திடீரென்று நின்றுபோனது. திறந்து பார்த்தால் சர்க்யூட்டில் கோளாறே இல்லை. காசு நிரம்பி அடைத்துக்கொண்டிருந்தது!

அதிலாவது சொந்த சர்க்யூட் இருந்தது. இன்றைய வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலும் ஓடுவது 1997-இல் வந்த 'மேம்' போன்ற, பழைய ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டர்தானே என்று கேட்கலாம். நியாயம்தான், பழைய படக்குழாயின் ஒளிர்வை எல்சிடி திரை அப்படியே தருவதும் இல்லை. ஆனால் அதே 'மேம்' கீபோர்டில் ஆடும்போது ஏன் சப்பென்றிருக்கிறது? ஆட்டத்தில் பாதி கையில் இருக்கிறது. ஜாய்ஸ்டிக்கைச் சாய்த்ததும் அடியிலுள்ள மைக்ரோசுவிட்ச் 'டிக்' என்க வேண்டும். பலகை மணிக்கட்டைத் தாங்க வேண்டும். நின்று ஆடத் தோதான உயரம் வேண்டும். இவற்றில் எதையும் டவுன்லோடு செய்ய முடியாது. அளந்து, அறுத்து, துளை போட்டுத்தான் ஆகவேண்டும்.